எல்லாருக்கும் ஓம் சொன்னவர்

"தலையை விடாதேங்கோ தங்கச்சி. காலை நானும் தம்பியும் பாக்கிறம்" என்றார் படகோட்டி அம்புறோஸ்.

கோசலா அப்பாவின் தலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பாய்ப்படகின் பின்படியில் குந்தினாள். கீழே கட்டியிருந்த றப்பர் படகு ஓரிடத்தில் நில்லாமல் ஆடியது. ஒரு பாய்த்துணியை மடித்து, அதில் அப்பாவைக் கிடத்தி, நுனிகளைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். யொட் என்கிற அந்தப் பாய்ப்படகு இதற்கு மேல் கரைக்குக் கிட்டப் போகாது. குறிகட்டுவான் பாலத்தைச் சுற்றி நயினாதீவுத் தேருக்குச் சனம் ஏற்றும் படகுகள் மூன்று வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்றன. அவற்றில் இருந்த பட்டுச் சேலைக்காரரும் வேட்டிக்காரரும் இந்தப் பக்கம் திரும்பி, என்ன இறக்குகிறார்கள் என்று பார்த்து, பிறகு பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோயிலுக்குப் போகிற வழியில் பிரேதத்தைப் பார்க்க யாருக்குத்தான் விருப்பம்.

"மெதுவா, மெதுவா" என்று அவளுடைய தம்பி லவன் கத்தினான். எல்லாரிலும் வேகமாக இழுத்தவன் அவன்தான்.

அப்பா சரவணமுத்து எழுபத்திரண்டு வயது வரைக்கும் யாருக்கும் ஒரு கரைச்சல் கொடுத்ததில்லை. அன்று மூன்று பேருடைய நாரியை முறித்துக்கொண்டு றப்பர் படகுக்குள் இறங்கினார். தேர் வடம் பிடிப்பதற்கென்று விடியவே கட்டிய புது வேட்டி இடுப்பில் நனைந்து ஒட்டிக்கிடந்தது. கோசலா அதை இழுத்து முழங்காலை மூடினாள். அவருடைய வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அதைக் கரையில் நிற்கிற சனம் பார்க்கக் கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரம் அவளுக்குத் தோன்றியது.

மேலே, மெத்தை போட்ட இருக்கையில், அம்மா அன்னபூரணம் மாம்பழ நிறப் பட்டுச் சேலையோடு நிமிர்ந்து இருந்தாள். அழவில்லை. "தேர் சுத்தி முடிஞ்சு இருப்புக்கு வரட்டும்" என்று கடலில் வைத்தே சொல்லிவிட்டாள். அம்மன் வீதியில் நிற்கும்போது அந்தத் தீவின் பிள்ளை ஒன்று குரல் வைத்து அழக் கூடாதாம். நயினாதீவு ஒலிபெருக்கி காற்றோடு வந்து வந்து போனது. அம்மா அதற்குக் காதைக் கொடுத்தபடி, கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். லவனின் மனைவி துஷாந்தி கடல் ஆட்டத்தில் நாலு நாளாகச் சத்தி எடுத்து வெளிறிய முகத்தோடு மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

இந்த யொட் யோசனை லவனுடையது. அவன் லண்டனில் இருக்கிறான். அப்பா, அம்மா, கோசலா மூவரும் ரொறன்ரோவில். அவன் இணையத்தில் தேடி, திருகோணமலைப் பக்கத்திலிருந்து சீசனுக்கு வந்து நிற்கும் இரட்டை உடல் பாய்ப்படகொன்றை நாலு நாளுக்கு ஒழுங்கு பண்ணினான். அப்பா பிறந்த தீவுக்கு லோஞ்சில் சனத்தோடு சனமாக நெரிபட்டுப் போகாமல், கப்பல்காரர் மாதிரிப் போய் இறங்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு ஆசை. ஊர்காவற்றுறையில் ஏறி, அனலைதீவு, நெடுந்தீவு சுற்றி, தேரன்று நயினாதீவு. அவனுடைய பிள்ளைகள் இரண்டும் இணைய வசதி இல்லாத கடலுக்கு வரமாட்டோம் என்று நின்றுவிட்டன. அப்பாவிடம் கேட்டான். அப்பா "ஓம்" என்றார்.

அப்பா எதற்கும் ஓம் என்பவர். ஏழு வருடத்துக்கு முன்னர் கோசலா கலியாணத்தை முறித்துக்கொண்டு பெட்டியோடு வந்து, "இனி இஞ்சைதான் இருக்கப்போறன் அப்பா" என்றபோது "ஓம் பிள்ளை" என்றார். அன்றைக்கே அம்மா, "அவளுக்குப் புத்தி சொல்லித் திருப்பி அனுப்புங்கோ" என்றபோது அதற்கும் "ஓமோம்" என்றார். யாரையும் எங்கும் அனுப்பவில்லை. ஒருத்தருக்குச் சொன்ன ஓம் மற்றவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதில் அவருக்கு நாற்பது வருடத்துப் பழக்கம் இருந்தது. வீட்டில் சண்டை வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று எல்லாரும் அவரைப் புகழ்ந்தார்கள். கோசலாவும் புகழ்ந்திருக்கிறாள்.

தேர் விஷயத்தில் மட்டும் சண்டை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னர் சீனி வருத்தத்தால் அப்பாவின் வலது கால் அழுகத் தொடங்கி, முழங்காலோடு எடுக்க வேண்டும் என்று டொக்டர்கள் சொன்னார்கள். அம்மா ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தபடியே நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். இந்த மனிசன் ரெண்டு காலாலும் நடந்து வந்து உன்ரை தேர் வடம் பிடிப்பார், அண்டைக்குப் பச்சைத் தண்ணியும் வாயிலை வையார். வைத்தது அம்மா, வடம் பிடிக்க வேண்டியவரும் பட்டினி கிடக்க வேண்டியவரும் அப்பா. எங்கள் வீடுகளில் நேர்த்தி அப்படித்தான். இரண்டு விரலோடு கால் தப்பியது.

பயணத்துக்கு முதல் கிழமை கோசலா குசினிக்குள் வைத்தே சொல்லிவிட்டாள். "வடம் பிடிக்கட்டும். விரதம் ஏலாது. இருவது வருசமா இன்சுலின் போடுற மனிசன். ஊசியைப் போட்டுட்டுச் சாப்பிடாமல் விட்டால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"அம்மனுக்கு வைச்ச வாக்கு, பிள்ளை."

"அப்ப அம்மனே வந்து ஊசியும் போடட்டும்."

நடுவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பா, "ஓம், பிள்ளை சொல்லுறது சரிதானே" என்றார். அம்மா வாயை மூடிக்கொண்டாள். கதை அதோடு முடிந்தது என்று கோசலா நம்பினாள்.

அன்று காலை ஆறு மணிக்கு யொட் நெடுந்தீவுக் கரையில் நங்கூரத்தில் நின்றது. அம்மா மேல்தட்டில் ஈரத் தலையோடு தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோசலா கையகலக் குசினியில் புட்டு அவித்துவிட்டு, ஊசியோடு அப்பாவின் அறைக்குள் போனாள். அவருக்குக் கை நடுங்குவதால் ஒவ்வொரு நாளும் அவள்தான் போட்டுவிடுவாள். அவர் கட்டிலில் வேட்டியோடு தயாராக இருந்தார். அவளைக் கண்டதும் கொஞ்சம் யோசித்தது போல இருந்தது. பிறகு பெனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

"போடு பிள்ளை."

கோப்பையில் புட்டும் கதலிப்பழமும் வைத்துக் கொடுத்தாள். "வை பிள்ளை, முகத்தைக் கழுவிட்டுச் சாப்பிடுறன்." கடல் ஆட்டத்துக்கு ஒரு சத்திக்குளிசையையும் விழுங்கக் கொடுத்தாள். அதை அவள் கண்முன்னாலேயே விழுங்கினார், தண்ணீர் இல்லாமல். அதை ஏன் கவனிக்கவில்லை என்று இப்போது நினைக்கிறாள். அவளும் ஒரு குளிசை போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். அரை மணித்தியாலம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழும்பியபோது கோப்பை வெறுமையாகக் குசினித் தொட்டியில் கிடந்தது. நிம்மதியாகத் திரும்பிப் போய் நித்திரையானாள். அந்தக் குளிசை ஆளை அடித்துப் போட்டது போல் ஆக்கிவிடும்.

நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் கேட்டவை எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. தலைக்கு மேலே லவன், "எஞ்சினை நிப்பாட்டுங்கோ அண்ணை, பாயிலை போவம். எஞ்சின் சத்தம் கேக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்றான். "காத்து விழுகிற மாதிரிக் கிடக்கு தம்பி. தேருக்குப் பிந்திப் போடுவம்" என்று அம்புறோஸ் சொன்னார். "ஒரு அரை மணித்தியாலம்தானே. மேலை கமெராவை விட்டுப் படம் எடுக்க வேணும்." எஞ்சின் நின்றது. பிறகு தும்பி மாதிரி எதுவோ வானத்தில் இரைந்தது.

அதற்குப் பிறகு அம்புறோஸின் தலை இரண்டு முறை அவளுடைய அறை வாசலில் தெரிந்தது.

"தங்கச்சி, முன்தட்டிலை ஐயாவுக்கு வேர்த்து ஒழுகுது. கதையும் ஒரு மாதிரிக் கொன்னுது."

"சத்திக்குளிசை போட்டவர் அண்ணை. நித்திரை கொள்ளட்டும்."

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது. "தங்கச்சி, கூப்பிட்டுப் பாத்தன். சத்தமில்லை."

"எழுப்பாதேங்கோ அண்ணை. நேற்று முழுக்க அவர் கண் மூடேல்லை."

கண்ணைத் திறக்காமல்தான் சொன்னாள். குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அரை மணித்தியாலம் என்றது மூன்று மணித்தியாலமாக இழுத்தது. கடைசியில் அம்மாவின் குரல்தான் அவளை எழுப்பியது. "இஞ்சேருங்கோ, கோபுரம் தெரியுது. எழும்புங்கோ. இஞ்சேருங்கோ." முன்தட்டில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தவர் எழும்பவில்லை.

அம்புறோஸ் தொப்பியை எடுத்து எறிந்துவிட்டு அவர் நெஞ்சை அமத்தத் தொடங்கினார். ஒரு பக்கம் இரண்டு எஞ்சினையும் போடச் சொல்லிக் கத்திக்கொண்டு, மறுபக்கம் அமத்திக்கொண்டே இருந்தார். லவன் நயினாதீவைக் காட்டி, "அங்கை ஆஸ்பத்திரி இருக்கு, அங்கை விடுங்கோ" என்று அலறினான். அம்புறோஸ் கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையால் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "சூடில்லைத் தம்பி" என்றார். அப்போதுதான் அம்மா சொன்னாள், நயினாதீவு வேண்டாம், தேர் வீதியில் நிற்கும்போது பிரேதத்தோடு அந்தக் கரையில் மிதிக்கக் கூடாது என்று.

பாலத்தடியில் அம்புலன்ஸ் வரும் வரைக்கும் ஒரு கொட்டிலின் நிழலில் அப்பாவைக் கிடத்தினார்கள். யாரோ ஒரு பாயும் யாரோ ஒரு வெள்ளைச் சேலையும் கொண்டுவந்தார்கள். தெரியாத நாலு பெண்கள் அம்மாவைச் சுற்றிக் குந்தினார்கள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி தேர் இருப்பிடம் சேர்ந்ததை அறிவித்தது. அம்மா ஒரு நெடுமூச்சு விட்டாள். பிறகு தலையிலடித்து அழத் தொடங்கினாள். அழுகையின் நடுவில், அந்தப் பெண்களைப் பார்த்து, கிட்டத்தட்டப் பெருமையாகச் சொன்னாள்.

"விரதத்தோடை போனவர் அம்மா. விடியத் தொடங்கிப் பச்சைத் தண்ணியும் வாயிலை படேல்லை. தேர் நாளிலை, தேர் ஓடேக்கை, கோபுரத்தைப் பாத்துக்கொண்டு. அம்மன் கூப்பிட்டுப் போட்டா."

"புண்ணியம் செய்த சீவன்" என்றாள் ஒருத்தி.

கோசலா அம்மாவின் முன்னால் மண்ணில் முழங்கால் குத்தினாள்.

"அம்மா, அப்பா சாப்பிட்டவர். நான் வெறுங்கோப்பையைக் கண்டனான்."

"அது நான்தான் பிள்ளை கடலிலை தட்டினனான். நீ கண்டால் கத்துவாய் எண்டு. அவர்தான் சொன்னவர், பிள்ளைக்குத் தெரியாமல் தட்டிவிடும் எண்டு."

"ஊசி?"

"இண்டைக்கு ஊசி வேண்டாமெண்டு உன்னட்டைச் சொல்லிப்போட்டன் எண்டவர்." அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "சொன்னவர்தானே?"

நாலு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வெள்ளைச் சேலைக்குக் கீழே கிடந்தார்.

"ஓம்" என்றாள் கோசலா.

தீவகத்து ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் அப்பாவின் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "இருதயமாத்தான் இருக்கும். ஆனா வெளியிலை நடந்த சாவு. விசாரணை முடியாமல் பிரேதத்தைக் குடுக்க ஏலாது" என்றார். மரண விசாரணை அதிகாரி வர மூன்று மணியாகும் என்றார்கள். எல்லாரும் விறாந்தை வாங்கில் இருந்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் அம்புறோஸின் படகு அனுமதிப் பத்திரங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். லவன் அவருக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தான். "மூண்டு மணித்தியாலம் மிதந்துகொண்டு நிண்டவர். ரெண்டு எஞ்சின் இருக்கு. ஒரு வயசுபோன மனிசன் கண்ணுக்கு முன்னாலை கிடக்கிறார். கப்ரின் எண்டால் பாக்கத் தேவையில்லையோ?"

அம்புறோஸ் விறாந்தையின் மறுகோடியில், நனைந்த காற்சட்டையோடு, நிலத்தில் இருந்தார். முப்பது வருடம் மீன் பிடித்தவர், சோதனை எழுதி இந்த யொட்டுக்குக் கப்ரினாகி மூன்று மாதம்தான். அவர் ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. கடலில் ஒரு சீவன் போனால் படகோட்டி வாயைத் திறக்கக் கூடாது என்று அவருடைய ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறதோ, அல்லது களைத்துப் போனாரோ. அவருடைய மனைவி மேரிறோஸ் ஒரு பையில் காய்ந்த சேட்டோடு வந்தாள். நேரே கோசலாவிடம் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"பிள்ளையின்ரை அப்பாவோ?"

கோசலா தலையாட்டினாள்.

"ஆண்டவர் ஆறுதல் தருவார்." கையை விடாமலே மெதுவாகக் கேட்டாள். "இவரைப் பொலிசிலை மறிச்சு வைப்பினமோ பிள்ளை?"

மேரிறோஸ் கையை விட்டுவிட்டுக் கணவனிடம் போனாள்.

அம்மா வாங்கில் இருந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரதம், தேர், கோபுரம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவள் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவர் போன அன்று, பிடித்துக்கொள்ள அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதை அவளிடமிருந்து பறித்துவிட்டு, உங்கள் நேர்த்தியும் என் ஊசியும் சேர்ந்துதான் அப்பாவைக் கொன்றது என்று எப்படிச் சொல்வது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும். டொக்டரே இருதயம் என்கிறார். அப்பா என்றால் சொல்லவே மாட்டார். அப்பாவை நினைத்து அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. தாங்க முடியாத கோபம். ஒரே ஒரு முறை, யாராவது ஒருத்தருக்கு, மாட்டேன் என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன.

அவள் எழும்பி லவனிடம் போனாள்.

"எஞ்சினை நிப்பாட்டச் சொன்னது நீ. எனக்குக் கேட்டது."

"அதுக்கு? நான் ஆயிரம் சொல்லுவன். கப்ரின் அவர்தானே."

"தம்பி."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. "அப்ப நான்தான் எண்டு சொல்லச் சொல்லுறியோ அக்கா? நான் படம் எடுத்துக்கொண்டிருந்தனான். கமெராவிலை அப்பா கிடக்கிறார். மேலையிருந்து எடுத்தது. வேட்டியோடை, வடிவாக் கிடக்கிறார்." கோசலா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவனை வெறுக்கவும் அவளால் முடியவில்லை.

அதிகாரி மூன்றரைக்கு வந்தார். மெலிந்த, பொறுமையான மனிதர். சட்டைப்பையில் மைப்பேனை. வெளிநோயாளர் அறையில் ஒரு மேசையைப் போட்டு, எல்லாரையும் முன்னால் இருத்தினார். அம்புறோஸ் வாசலோடு நின்றார். லவன் சொன்னதை எழுதினார். காற்று விழுந்தது, கப்ரின் எஞ்சினைப் போடவில்லை. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"காலமை என்ன சாப்பிட்டவர் அம்மா?"

"ஒண்டுமில்லை ஐயா. அம்மனுக்கு நேர்த்தி. விரதம்."

பேனை நின்றது. "சீனி வருத்தம் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். ஊசி போடுறவரோ?"

"போடுறவர். இண்டைக்குப் போடேல்லை. மகளிட்டை வேண்டாமெண்டு சொன்னவர்."

அதை எழுதி முடித்துவிட்டு, அதிகாரி கண்ணாடிக்கு மேலால் கோசலாவைப் பார்த்தார். "அப்பிடியோ மகள்?"

அம்மாவின் கை கோசலாவின் முழங்காலில் இருந்தது. வாங்கில் வந்து இருந்த நேரம் தொடங்கி அங்கேதான் இருந்தது. ஓம் என்று சொல்ல வாய் திறந்தாள். வாசலில் அம்புறோஸ் காய்ந்த சேட்டைப் போடாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இல்லை ஐயா" என்றாள். "ஆறு மணிக்கு நான் ஊசி போட்டனான். வேண்டாமெண்டு அப்பா சொல்லேல்லை. விரதம் எண்டு எனக்குத் தெரியாது. வெறுங்கோப்பையைக் கண்டு, சாப்பிட்டவர் எண்டு நினைச்சுப் படுத்தனான்."

நிறுத்தினால் பிறகு சொல்ல வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "இந்த அண்ணை ரெண்டு தரம் வந்து சொன்னவர், ஐயாவுக்கு வேர்க்குது, பேச்சில்லை எண்டு. நான்தான் எழுப்பாதேங்கோ எண்டனான். எஞ்சினையும் அவரா நிப்பாட்டேல்லை. நாங்கள்தான் நிப்பாட்டச் சொன்னனாங்கள். அவரிலை ஒரு பிழையும் இல்லை."

முழங்காலில் இருந்த கை எடுபட்டது.

அதிகாரி லவனைப் பார்த்தார். "எஞ்சின் விஷயம் அப்பிடியோ தம்பி?" லவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம். நான்தான் சொன்னனான்" என்றான். துஷாந்தி அவன் கையைப் பிடித்தாள். அதிகாரி இருவரும் சொன்னதை எழுதினார். வெகுநேரம் எழுதினார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டக் என்றது. எழுதி முடித்து, முறைப்படி, கோசலாவின் வாக்குமூலத்தை உரத்து வாசித்தார். எழுத்துத் தமிழில் அது இன்னும் மோசமாக இருந்தது. 'இறந்தவருக்கு இன்சுலின் ஏற்றியவர் மகளாகிய நானே. அதன் பின்னர் அவர் உணவு எதுவும் உட்கொள்ளவில்லை.' கோசலா அம்மாவின் பக்கம் திரும்பத் துணியவில்லை. அம்மா மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எல்லாம் விளங்கிவிட்டது என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது.

"கையெழுத்து வையுங்கோ மகள்."

வைத்தாள். அதிகாரி தாள்களை அடுக்கினார்.

"ஐயா" என்றாள் அம்மா. "என்ரையிலை ஒரு பிழை இருக்கு. திருத்த வேணும்."

"என்ன பிழை?"

"அவர் சாப்பிட்டவர்."

அதிகாரி அடுக்கிய தாள்களை மறுபடி விரித்தார்.

"விரதம் எண்டெல்லோ அம்மா சொன்னீங்கள்?"

"நான் விரதம். அவர் இல்லை. புட்டும் பழமும் சாப்பிட்டவர். நான் பக்கத்திலை இருந்து பாத்தனான்."

"அப்ப மகள் சொன்ன அந்த வெறுங்கோப்பை—"

"மிச்சத்தை நான்தான் கடலிலை தட்டினனான். அரைக் கை இருக்கும்." அம்மாவின் குரல் பிசகவில்லை. "பிள்ளை படுத்திருந்தது. அதுக்கு என்ன தெரியும். ஊசி போட்டது சரி. ஊசி போட்டு, சாப்பிட்டுத்தான் இருந்தவர். நெஞ்சு வருத்தத்திலை போனவர். அவரின்ரை தேப்பனும் அப்பிடித்தான்."

"அம்மா" என்றாள் கோசலா.

அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய்யைக் கேட்டு எழுதிய மனிதர். இது எந்த வகை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"அப்ப அந்த நேர்த்தி?" என்று கேட்டார், மெல்ல.

அம்மா பாலத்தடியில் அந்தப் பெண்களிடம், விறாந்தையில் போகிற வருகிறவரிடம், அம்புலன்ஸ் சாரதியிடம்கூடச் சொன்ன கதை அது.

"நேர்த்தி நிறைவேறேல்லை ஐயா" என்றாள். "அப்பிடியே எழுதுங்கோ."

அதிகாரி அம்மாவின் தாளை எடுத்து, ஒரு வரியைக் கோடிட்டு வெட்டி, மேலே சின்ன எழுத்தில் எழுதினார். பொலிஸ்காரர் பையைத் திறந்து பத்திரங்களை அம்புறோஸிடம் நீட்டினார். அவர் அதை வாங்கினாரே தவிர, போகவில்லை. மேரிறோஸ் வெளியே நின்று கண்ணைத் துடைத்தாள்.

"வெட்டின இடத்துக்குப் பக்கத்திலை ஒரு கையெழுத்து அம்மா."

அம்மா மைப்பேனையை வாங்கி, கலியாணம் முடித்த நாள் தொடக்கம் எழுதி வருவது போல முதலில் கணவரின் பெயருக்கு 'ச' எழுதினாள். பக்கத்தில் புள்ளியை வைத்தாள். அதன் பிறகு தன் பெயரை எழுதப் பேனை எழும்பவில்லை. நுனி புள்ளியிலேயே நின்றது. மை கசிந்து, தாளில் ஊறி, திருத்தி எழுதிய வரியின் பக்கமாகப் பரவத் தொடங்கியது. அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை.